கால்விரலில் எலும்பு முள் வளர்ந்தால் ஆப்பரேஷன் செய்தே ஆகவேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. எலும்பு முள் என்ற பெயர்தான் பயமுறுத்துகிறது. உண்மையில் அது மூட்டின் ஓரத்தில் கூடுதலாக வளர்ந்த எலும்பு, அவ்வளவுதான். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேயும்போது, உடம்பு அந்த இடத்தைத் தாங்கிப் பிடிக்கப் பார்த்து ஓரங்களில் புது எலும்பைக் கட்டுகிறது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் மரம் சீவியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கத்தி ஆழமாகப் பட்ட மரத்தில் பட்டை பழையபடி வளராமல் முண்டும் முடிச்சுமாக வளரும் அல்லவா? அதே கதைதான்.

அதிகம் பாதிக்கப்படுவது பெருவிரலின் அடிமூட்டு. விரலை மேலே மடக்க முடியாது, பூட்ஸ் உராயும். முதலில் முன்பக்கம் அகலமான, அடி கெட்டியான காலணி, வலி மாத்திரை. இவை பலிக்காவிட்டால்தான் கத்தி. மேலே துருத்தும் எலும்பையும், மூட்டில் உள்ள எலும்பின் தலைப்பகுதியில் ஏறக்குறைய கால்வாசியையும் செதுக்கி எடுப்பார்கள். அநேகமாக அன்றே வீடு திரும்பலாம். ஆனால் வீக்கம் வடிய சில மாதங்கள் பிடிக்கும். மூட்டு முழுக்கத் தேய்ந்திருந்தால் செதுக்குவது போதாது, இரண்டு எலும்பையும் திருகாணி போட்டு ஒன்றாக இணைப்பார்கள். வலி போகும், அந்த மூட்டு மடங்காது. இனிப்புநீர் உள்ளவர்கள் முதலில் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் புண் ஆறாது.

அப்புறம், சுண்ணாம்புச்சத்து கூடிப்போய்த்தான் முள் வளர்கிறது என்று பாலையும் நெத்திலியையும் நிறுத்துகிறார்கள். காரணம் தேய்மானம், சாப்பாடு அல்ல.