தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் ஸ்பிரிங்க்ளர் போடுகிறோம். அப்படியும் வெயில் ஏறினால் புல் துவண்டுவிடுகிறது. நேரத்தைக் கூட்டலாமா?

பதில்: தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் சிக்கலே. மேல்மண் மட்டும் நனைவதால் வேரும் மேலேயே தங்கிவிடுகிறது. வெயில் காலத்தில் வாரத்துக்குச் சுமார் 25 மி.மீ. பெரும்பாலான புல்தரைகளுக்குப் போதும். அதை இரண்டு தவணையாக, விடியற்காலையில் கொடுங்கள். காற்றும் வெயிலும் குறைவு. இரவு முழுக்க இலை ஈரமாக இருந்து பூஞ்சை பிடிப்பதும் குறையும். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். ஆக 20 சதுர மீட்டருக்கு வாரம் 500 லிட்டர். பெய்த மழையைக் கழித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தண்ணீருக்கு வழியில்லை என்றால், யாரும் நடக்காத ஓரங்களில் புல்லை எடுத்துவிடுவதே சரி.

எத்தனை நிமிடம் என்பதை உங்கள் ஸ்பிரிங்க்ளரே சொல்லும். நேரான பக்கமுள்ள காலி டப்பாக்கள் ஐந்தாறைப் பரவலாக வைத்து, 15 நிமிடம் ஓடவிட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள். சராசரி 5 மி.மீ. என்றால் ஒரு தவணைக்கு 36 நிமிடம் விட்டால் 12 மி.மீ. கிடைக்கும். ஒரு டப்பாவில் 8, இன்னொன்றில் 2 என்றிருந்தால் நேரத்தைக் கூட்டாதீர்கள். முனையில் அடைப்பு இருக்கும், அல்லது ஸ்பிரிங்க்ளரை இடம் மாற்ற வேண்டியிருக்கும். களிமண்ணில் தண்ணீர் வழிந்தோடினால் 12 நிமிடம் விட்டு, அரைமணி நிறுத்தி, மறுபடி விடுங்கள். மறுநாள் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். 15 செ.மீ. சுலபமாக இறங்கினால் ஈரம் போதுமான ஆழம் போயிருக்கிறது.

புல்லை வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒட்ட வெட்டினால் மண் வெயிலில் காயும்.

கேள்வி: சொட்டுநீர்க் குழாயில் சில டிரிப்பர்கள் கொட்டுகின்றன, சில சொட்டுவதே இல்லை. ஏன்?

பதில்: முதலில் கடைசி மூடியைக் கழற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். ஃபில்டரைக் கழுவுங்கள். வெள்ளையாக உப்புப் படிந்த டிரிப்பரை வினிகரில் ஊறவையுங்கள். அதன் பிறகும் சொட்டாவிட்டால் அழுத்தம் போதவில்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். 3 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து 0.3 பார்தான் கிடைக்கும். அழுத்தத்தைச் சமன்செய்யும் வகை டிரிப்பர்கள் பெரும்பாலும் இதில் சரியாக வேலை செய்யாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே வரும் டிரிப்பரைப் போடுங்கள், குழாயின் நீளத்தையும் குறையுங்கள். சொட்டும் இடத்தில் 5 முதல் 8 செ.மீ. சருகு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம், அழுகும்.

கேள்வி: வாஷிங்மெஷின் தண்ணீரைச் செடிக்கு விடலாமா?

பதில்: கடைசி அலசல் தண்ணீரை மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் விடலாம். பிளீச் கலந்தது வேண்டாம். தேக்கி வைத்தால் நாறும், அன்றே விட்டுவிடுங்கள். கீரைக்கும் தொட்டிச் செடிக்கும் வேண்டாம். தொட்டியில் சோடியம் உப்புச் சேர்ந்து இலை நுனி கருகும்.