தூக்கமில்லாத இரவில் வாங்கிய கார்கள்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

கேள்வி:

வணக்கம் சார். எனக்கு வயது 53. கோவையில் சின்ன லேத் பட்டறை வைத்து, பம்ப் உதிரிபாகங்களுக்கு ஜாப் வொர்க் செய்கிறேன். செலவு எல்லாம் போக மாதம் 1.4 லட்சம் வீட்டுக்கு எடுக்கிறேன். என்னிடம் ஆறு பழைய கார்கள் இருக்கின்றன: அப்பா ஓட்டிய 1971 அம்பாசடர் மார்க் 2, 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 1986 பிரீமியர் பத்மினி, 1988 மாருதி 800, 1984 டீசல் ஜீப், 1990 கான்டெஸா. கடைசி மூன்றும் இரண்டு வருடத்துக்குள் வாங்கியவை. ஷெட் வாடகை மாதம் 9,000. போன வருடம் மெக்கானிக், சாமான் என்று 1.5 லட்சம் ஆனது. கான்டெஸாவுக்கு டிங்கரிங், பெயின்ட் தனியாக 1.8 லட்சம். நகையை வைத்து வாங்கிய 4 லட்சம் கடன் அப்படியே நிற்கிறது, வட்டி மட்டும் கட்டி வருகிறேன். மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 15,000 போட்டுவந்த எஸ்.ஐ.பி.யையும் நிறுத்திவிட்டேன்.

மூன்று வருடமாகத் தூக்கம் சரியில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான், மொபைலில் பழைய கார் விளம்பரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசி இரண்டு கார்களுக்கும் அட்வான்ஸ் அனுப்பியது அந்த நேரத்தில்தான். சில நாள் நாலு மணிக்கே அம்பாசடரை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் போய் வருவேன். பகலில் பட்டறையில் கண் சொக்குகிறது. நான் பலமாகக் குறட்டை விடுவதாகவும், நடுவில் மூச்சு நின்று திணறுவதாகவும் வீட்டில் சொல்கிறார்கள். இப்போது மைசூரில் ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் கார் 6.5 லட்சத்துக்கு வருகிறது. பர்சனல் லோன் போட்டு எடுக்கலாமா? இந்தக் கார்களை ஓய்வுக்காலத்துக்கான முதலீடாக வைத்துக்கொள்ளலாமா? மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

லேண்ட்மாஸ்டர் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து முதலில் உங்கள் தூக்கத்துக்குச் செலவு செய்யுங்கள். பணக் கேள்விக்கு உடம்பைப் பற்றிப் பதில் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ள கடன், நின்றுபோன சேமிப்பு, இரவில் போன அட்வான்ஸ் மூன்றுமே தூக்கமின்மையோடு பின்னிக் கிடக்கின்றன.

குறட்டை, நடுவில் மூச்சு நிற்பது, பகலில் கண் சொக்குவது. இந்த மூன்றும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போனால் ஸ்லீப் ஸ்டடிக்கு எழுதிக்கொடுப்பார். ஓர் இரவுப் பரிசோதனை. நம் ஊர்களில் சில ஆயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை ஆகலாம். அந்தக் கோளாறு உறுதியானால், மாஸ்க் வைத்துக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவியைப் பெரும்பாலும் சொல்வார்கள். அது சுமார் முப்பதாயிரத்தில் தொடங்குகிறது. மருத்துவக் காப்பீட்டை இதற்கு நம்பாதீர்கள். பாலிசிகளில் பணம் தராத பொருட்களின் பட்டியலில் சிபாப் கருவி இருக்கிறது. ஆகவே இதைக் கைச்செலவாகவே கணக்கில் வையுங்கள்.

பரிசோதனைக்கு முன்பே காப்பீட்டுத் தொகையைக் கூட்டிவிடலாமா என்று இந்த இடத்தில் பலர் யோசிப்பார்கள். கூட்டுங்கள், ஆனால் அறிகுறிகளை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான் என்று 2024 முதல் விதி இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அந்த 3 ஆண்டோடு போகும். மறைத்தால், க்ளெய்ம் வரும் நாளில் மொத்தப் பாலிசியும் ஆட்டம் காணலாம். காப்பீட்டுக்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் கூடாது.

தூக்கம் கெட்டால் வாங்கும் முடிவும் கெடும் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. சிங்கப்பூரில் மைக்கேல் சீ குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களைப் பந்தயம் போன்ற தேர்வுகளைச் செய்யச் சொல்லி மூளையைப் படம் எடுத்தார்கள். லாபம் வரும் என்ற எதிர்பார்ப்பு அவர்களுக்குக் கூடியிருந்தது. நஷ்டம் வந்தபோது அது உறைக்கும் விதம் மங்கியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் கான்டெஸாவின் படத்தைப் பார்த்தபோது அதன் அடித்தகட்டுத் துரு ஏன் உங்கள் கண்ணில் படவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எனவே இன்றே ஒரு வேலை செய்யுங்கள். வங்கிச் செயலியில் யு.பி.ஐ., நெட் பேங்கிங் இரண்டின் தினசரி வரம்பையும் 5,000க்கு இறக்குங்கள். கார்களுக்கென்று மனைவியோடு சேர்ந்து ஒரு கூட்டுக் கணக்கு தொடங்கி, இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற முறையில் வையுங்கள். வாங்குவது, அட்வான்ஸ் கொடுப்பது எல்லாம் பகலில், அந்தக் கணக்கிலிருந்து மட்டும். இது உங்கள் மேல் உள்ள அவநம்பிக்கை கிடையாது. நடு ராத்திரியில் கை போனைத் தேடும்போது அதற்கு எட்டாத உயரத்தில் பணம் இருக்கட்டும் என்பதற்காகத்தான்.

அடுத்தது, எனக்கு மிகவும் கவலை தந்த வரி: நாலு மணிக்கு வண்டி எடுப்பது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவருக்கு நிகராகக் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். அதற்கு மேல், நீங்கள் ஓட்டுவது ஏர்பேக் இல்லாத, ஏ.பி.எஸ். இல்லாத, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டி. எதிரே லாரி வரும் சாலையில் இது விளையாட்டில்லை. மூன்றாம் நபர் காப்பீடு அடிபட்ட அடுத்தவருக்குக் கொடுக்கும். உங்கள் குடும்பத்துக்கு வருவது உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டும்தான். பட்டறையே நீங்கள்தான் என்கிற வீட்டுக்கு அது எத்தனை நாளைக்குக் காணும்? சிகிச்சை எடுத்து, பகல் தூக்கம் தெளிந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை விடியற்காலை ஓட்டத்தை நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் இரவில் இன்ஜினை ஓடவிட்டு உட்காரும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அந்தத் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் ஒரு சின்ன மிச்சமும் இருக்கிறது. ஒருவருக்கு எத்தனை வண்டி இருந்தாலும் அது ஒன்று போதும். ஆறு பாலிசியிலும் அதற்குப் பிரீமியம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இனி கணக்கு. பெயின்ட் செலவை விட்டுவிடுகிறேன், அது ஒருமுறை வந்தது. ஷெட் ஆண்டுக்கு 1,08,000. மெக்கானிக், சாமான் 1,50,000. மூன்றாம் நபர் காப்பீடு, 2022 கட்டணப்படி 1,000 சிசி வரை 2,094, 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. உங்கள் ஆறுக்கும் ஜி.எஸ்.டி. சேர்த்துச் சுமார் 32,000. ஆர்.சி. புதுப்பிப்புக்கு, 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் ஆறு காருக்கும் ஆண்டுக்கு 12,000 என்று ஒதுக்க வேண்டும். பசுமை வரி தனி. நகைக்கடன் வட்டியை 10 சதவீதம் என்று வைத்தாலும் 40,000. கூட்டினால் 3,42,000. மாதம் 28,500. வீட்டுக்கு எடுக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு வண்டிகூடப் புதிதாக வாங்காமலே போகிறது.

லேண்ட்மாஸ்டரை 13 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனில் எடுத்தால் மாதத் தவணை சுமார் 14,800. நீங்கள் நிறுத்திய எஸ்.ஐ.பி. ஏறக்குறைய அதே தொகை. அந்த 15,000ஐ இன்று மறுபடி தொடங்கி 60 வயதுவரை போட்டு, ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் கையில் சுமார் 18 லட்சம் இருக்கும். அந்த 10 சதவீதத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, ஆனால் திட்டமிட அது நியாயமான எண். லேண்ட்மாஸ்டரோ மைசூரில் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே மறுபடி வரி கட்டி, பிறகு பட்டறையில் ஏறும்.

பழைய கார் விலை ஏறும்தான். சில கார்கள் நன்றாகவே ஏறியிருக்கின்றன. ஆனால் ஷெட், பேட்டரி, டயர், காப்பீடு ஆகியவை ஆண்டுதோறும் அந்த ஏற்றத்தைத் தின்னும். 62 வயதில் மருத்துவமனைக்கு உடனே 3 லட்சம் வேண்டும் என்றால் காரின் ஒரு கதவை மட்டும் விற்க முடியாது. போதாததற்கு இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் கேஸ்கெட், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் எல்லாம் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுப்பதால், ஓடாமல் நிற்கும் வண்டியில் டேங்க் துருப்பிடிக்கும். டீசல் ஜீப் போக மற்ற ஐந்து வண்டியின் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றும் செலவு உங்கள் வாசலில் நிற்கிறது. ஆகவே கார்களை விருப்பச் செலவு என்ற தலைப்பில் எழுதுங்கள், ஓய்வுக்கால நிதியில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள்.

அதற்காக எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊரில், லேத்தில் கை பழகிய ஒருவருக்கு பழைய இன்ஜின் மேல் பற்று இருப்பது இயல்பு. அப்பாவின் அம்பாசடர் இருக்கட்டும். பத்மினியும் மாருதி 800ம் இருக்கட்டும், இரண்டுக்கும் மெக்கானிக்கும் சாமானும் இன்னும் கிடைக்கின்றன. கான்டெஸாவையும் ஜீப்பையும் கொடுத்துவிடுங்கள். பிரீமியத்தில் அதிகம் தின்பவை அவை இரண்டும்தான். ஜீப்புக்கு வாங்க ஆள் எப்போதும் இருக்கிறது, கான்டெஸாவுக்கோ பாடி சாமான் தேடி அலைய வேண்டியிருக்கிறது. பெயின்ட் செலவான 1.8 லட்சத்தை விலையில் எடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம், அது போன பணம். வருகிற தொகை மொத்தமும் நகைக்கடனுக்கு. நான்கு வண்டிக்குச் சின்ன ஷெட் போதும் என்பதால் வாடகையிலும் கொஞ்சம் இறங்கும்.

விற்கும்போது ஓர் எச்சரிக்கை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நின்றுவிடாதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்கும்வரை பின்தொடருங்கள். கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சொந்த உபயோகக் காரை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். உபயோகித்திருந்தால்தான் அது பொருந்தும். 1983இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931 மாடல் ஃபோர்டு காரை 21 லட்சத்துக்கு விற்ற ஒருவரின் வழக்கில், அதைச் சொந்தத்துக்கு ஓட்டியதற்குச் சான்று இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2024இல் வரியை உறுதி செய்தது. காப்பீடு, புகைச் சான்று, பெட்ரோல் பில் ஆகியவற்றை வண்டிவாரியாக ஒரு ஃபைலில் வையுங்கள். வாங்கி வாங்கி விற்க ஆரம்பித்தால் அது வியாபார வருமானம், ஆடிட்டரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

ஹெரால்டுக்கு ஒரு வழி உண்டு. 50 வயது தாண்டிய, உருமாறாத வண்டிகளை 2021 ஜூலை முதல் விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000, பத்தாண்டு செல்லும். மூன்றாம் நபர் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி. ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். பெரும்பாலும் நிற்கிற ஹெரால்டுக்கு அது சரிவரும். நீங்கள் ஆசையாக ஓட்டுகிற அம்பாசடரை அதில் சேர்க்காதீர்கள்.

மீதி நான்கு வண்டிக்கும் கூட்டுக் கணக்கில் மாதம் 15,000 போடுங்கள், வாடகை முதல் கிளட்ச் பிளேட் வரை அதற்குள் முடியட்டும். மாதம் ஒருநாள் வந்து நான்கையும் கிளப்பிப் பார்த்து, பிரேக் ஆயில், பேட்டரி தண்ணீர் பார்த்துப் போக ஒரு மெக்கானிக்கிடம் தொகை பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிட்டால், எந்த வண்டி நாளைக்கு எடுக்காது என்ற யோசனை ராத்திரியில் வராது.

மகளுக்கு முதல் ஆண்டுக் கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் வரும் ஜூனுக்குள் ஃபிக்சட் டெபாசிட்டில் தனியாக நிற்க வேண்டும். அதற்குப் பிறகு எஸ்.ஐ.பி.யைத் தொடங்குங்கள். நகை வீட்டுக்கு வந்து, எஸ்.ஐ.பி. ஓர் ஆண்டு தடையில்லாமல் ஓடி, நீங்களும் நன்றாகத் தூங்கத் தொடங்கிய பிறகு லேண்ட்மாஸ்டர் ஆசை அப்படியே இருந்தால், கூட்டுக் கணக்கில் சேர்ந்திருக்கும் பணத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள். வண்டியின் ஆர்.சி. நகலையும் சேர்த்து அனுப்புங்கள், வரி பாக்கி, அடமானம், என்.ஓ.சி. மூன்றையும் பார்த்துவிட்டுப் பேசுவோம்.