டீயும் தம்மும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, 26 ஆண்டு சிகரெட் பிடித்துப் பிறகு விட்டவன் நான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்கப் புகை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 31 ஆண்டு மருந்தாளுநராக இருந்து 2019-இல் ஓய்வு பெற்றவன். இருமலுக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய்ப் பற்ற வைத்தவன். பொது இடங்களில் புகைக்க 2008 அக்டோபர் 2-இல் தடை வந்தபோது, 'மீறினால் 200 ரூபாய் அபராதம்' என்ற பலகையை எங்கள் வளாகத்தில் ஆணி அடித்து மாட்டியதும் நான்தான். மாட்டி முடித்துவிட்டு எங்கே போனேன் என்று கேட்காதீர்கள்.

தினமும் 12 சிகரெட். இந்த ஆண்டில் மட்டும் ஐந்து தடவை விட்டேன். ஒரு தடவைகூட மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. என் மன உறுதி அவ்வளவுதானா?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

தம்பி, ஐந்து தடவையும் சொல்லி வைத்தாற்போல மூன்றாம் நாள் என்கிறீர்களே, அதற்குக் காரணம் இருக்கிறது. புகையை இழுத்தால் பத்து இருபது நொடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடும். ஏறிய வேகத்தில் இறங்கவும் செய்யும். ரத்தத்தில் இருப்பது சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். விட்டவுடன் வருகிற எரிச்சல், கோபம், தூக்கமின்மை, எதிலும் மனசு ஒட்டாத நிலை எல்லாம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அதற்கப்புறம் இறங்குமுகம்தான். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆக, நீங்கள் ஐந்து தடவை மலை உச்சி வரைக்கும் ஏறிவிட்டு, அந்தப் பக்கம் இறங்காமல் வந்த வழியே திரும்பியிருக்கிறீர்கள்.

இந்த ஆசையை நான் தண்டல்காரர் என்பேன். குறித்த நேரத்துக்கு வருவார். கதவைத் தட்டுவார். ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து நிமிடம் நிற்பார். கதவு திறக்காவிட்டால் போய்விடுவார், அடுத்த வேளைக்கு மறுபடி வருவார். கொடுத்தால் கடன் தீர்ந்தது என்று நினைக்கிறோம். கொடுத்த அந்த ஒன்றிலேயே அடுத்த தவணை தொடங்கிவிடுகிறது. காலையில் எழுந்ததும் பிடிக்கிற சிகரெட் அவ்வளவு சுகமாக இருப்பதும் இதனால்தான். ராத்திரி முழுக்கக் கட்டாத பாக்கி அது.

நான் விட்டது ஐந்தாவது முயற்சியில். முதல் தடவை மகள் பிறந்தபோது, சரியாக மூன்று நாள், உங்களைப் போலவே. இரண்டாவது தடவை, பாக்கெட்டாக வாங்கினால்தானே ஆபத்து, சில்லறையாக ஒன்று ஒன்றாக வாங்குவோம் என்று ஒரு திட்டம். அதில் கண்ட பலன், பெட்டிக்கடைக்கு ஒரு நாளைக்குப் பதினோரு நடை.

மூன்றாவதைத்தான் உங்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்டேன். 41 நாள், ஒரு தம் கூட இல்லை. பெரிய கஷ்டமும் தெரியவில்லை. டீக்கடையில் "சாமிக்கு ஒரு டீ" என்று தருவார்களே தவிர ஒருத்தரும் சிகரெட்டை நீட்டவில்லை. கூட்டாளிகள் என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். மலைக்குப் போய்த் திரும்பினேன், மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டினேன், குளித்தேன், நேரே பெட்டிக்கடை. உடம்பு கேட்கவே இல்லை, உடம்பு எப்போதோ மறந்திருந்தது. 41-ஆம் நாள் முடியட்டும் என்று மனசு மட்டும் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. மன உறுதி இல்லாதவனா 41 நாள் இருந்தான்? ஊரே சேர்ந்து என்னைக் காவல் காத்தது. மாலை கழன்றதும் காவலும் போயிற்று.

2010 பிப்ரவரியில் கடைசியாக விட்டபோது சபதம், தேங்காய் உடைப்பு எதுவும் செய்யவில்லை. ஓ.பி. சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில், தண்டல்காரர் வருகிற நேரங்களை எழுதினேன். விடிந்ததும் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று, பத்தரை மணி டீயோடு ஒன்று, ஸ்டாக் புத்தகத்தில் கணக்கு இடித்தால் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி செய்தேன். கொடுமையானது பத்தரை மணி டீதான். டீ வேறு தம் வேறு என்று என் நாக்குக்கே தெரியாது. இரண்டு மாதம் டீக்கடைப் பக்கம் போகவில்லை, சீசாவில் மோர் கொண்டுபோனேன். சாப்பாடு முடிந்ததும் வாயில் ஒரு கிராம்பு. பஸ்ஸுக்கு ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் ஏறினேன். சீட்டில் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு வந்தேன்.

எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் ஓர் ஆண்டு தாங்குபவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான் என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் வருகிற கணக்கு. உதவி கேட்க வெட்கப்படாதீர்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கிறார்கள், 2018-இலிருந்து. இலவசம், தமிழிலும் பேசுவார்கள். இத்தனை பாக்கெட் வாங்கியிருக்கிறீர்கள், அதில் உபயோகமான ஒரே சமாச்சாரம் அதுதான்.

விட்டு இரண்டு வாரம் ஆகிறது. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் இல்லை. விட்டதால் இதயத்துக்கு ஏதாவது ஆகிவிட்டதா?
– வங்கி ஊழியர், கும்பகோணம்

உங்கள் ஊரைப் பார்த்ததும் முதலில் கேட்கத் தோன்றியது: ஒரு நாளைக்கு எத்தனை டிகிரி காபி? சிகரெட் புகை கல்லீரலைக் கிளப்பிவிட்டு, காபியில் இருக்கும் கஃபீனைச் சீக்கிரம் சீக்கிரம் கழித்துவிடச் செய்யும். புகை நின்றதும் ஈரல் தன் பழைய நிதானத்துக்கு வந்துவிடும். நீங்கள் குடிப்பது அதே நாலு டம்ளர்தான், ஆனால் ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தங்கும். படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் சிகரெட்டை விட்டதால் வருகிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடி பற்ற வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காபியைப் பாதியாக்குங்கள், சாயங்காலக் காபியை நிறுத்துங்கள், ஒரு வாரம் பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது, இடது கைக்கு இழுப்பது என்று ஏதாவது இருந்தால் என் பத்தியைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதே கணக்கு சில மருந்துகளுக்கும் உண்டு. ஆஸ்துமாவுக்கு டெரிஃபிலின் மாதிரி தியோஃபிலின் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிகரெட்டை விட்டால், அதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

கேட்க வெட்கமாக இருக்கிறது. காலையில் ஒரு தம் அடிக்காவிட்டால் வெளிக்குப் போவதே இல்லை. இதற்காகவே விட முடியவில்லை.
– பெயர் வேண்டாம், விருதுநகர்

இதில் வெட்கம் எதற்கு? ஆண்கள் சிகரெட்டை விடாததற்குச் சொல்லும் காரணங்களில் உண்மையானது இது ஒன்றுதான். நிகோடின் குடலையும் உசுப்பும். விட்டால் சில வாரம் மலச்சிக்கல் இருக்கும், அப்புறம் குடல் தானே வேலையைக் கற்றுக்கொள்ளும். அதுவரை எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், ராத்திரி கொய்யாவோ வாழைப்பழமோ, சாப்பாட்டில் கீரை. அவசரப்படாமல் உட்காருங்கள். எனக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பதாம் நாள் காலைச் சந்தோஷத்தை இங்கே விவரிக்க ஆசிரியர் இடம் தரமாட்டார்.

நிகோடின் சூயிங்கம் வாங்கினேன். தொண்டை எரிகிறது, விக்கல், குமட்டல். இது ஏமாற்று வேலையா?
– ஆட்டோ ஓட்டுநர், சேலம்

பபிள்கம் மாதிரி மென்றிருப்பீர்கள். அட்டையில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை, மருந்துக் கடைக்காரரும் சொல்வதில்லை. இந்த நிகோடின் வாயின் உள்தோல் வழியாக ஏற வேண்டும். மென்று எச்சிலை விழுங்கினால் வயிற்றுக்குப் போய் நீங்கள் சொன்ன அத்தனையும் செய்யும். மெதுவாக நாலைந்து கடி கடியுங்கள். காரமாக, சுருக்கென்று தெரிந்ததும் நிறுத்தி, நம் தாத்தாக்கள் புகையிலையை அதக்கிக்கொள்வார்களே, அந்த மாதிரிக் கன்னத்தில் அதக்குங்கள். காரம் போனதும் மறுபடி இரண்டு கடி, வேறு பக்கம் அதக்கல். ஒன்று அரை மணி நேரம் வரும். போடுவதற்குக் கால் மணி முன்னாலிருந்து காபி, டீ, ஜூஸ் கூடாது, அவை இருந்தால் நிகோடின் சரியாக ஏறாது.

2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு வகை. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறவர் என்றால் 2 போதாமல் போகலாம், டாக்டரைக் கேட்டு 4 வாங்க வேண்டும். கம் எதுவும் ஒத்துவராவிட்டால் வரெனிக்ளின், புப்ரோபியான் என்று மாத்திரைகளும் இருக்கின்றன, அவற்றையும் டாக்டர்தான் எழுத வேண்டும். சில மாதத்தில் கம்மையும் குறைத்து நிறுத்திவிட வேண்டும். நான்கு வருடமாகக் கம் போட்டுக்கொண்டிருக்கும் நண்பர் எனக்கு ஒருவர் உண்டு. சிகரெட்டைவிட எவ்வளவோ தேவலை என்பதால் அவரை நான் ஒன்றும் சொல்வதில்லை.

அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார். அப்பாவுக்கு வயது 60, நாற்பது வருடமாகப் பீடி. "இது இலை, சிகரெட் மாதிரி இல்லை. இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்கிறார். என்ன சொல்வது?
– கல்லூரி ஆசிரியை, தென்காசி மாவட்டம்

அம்மா, இலை மேலே சுற்றியிருப்பதுதான், உள்ளே இருப்பது அதே புகையிலை. பீடி அடிக்கடி அணையும், அணையாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டும். தூள் கொஞ்சமாக இருந்தாலும், நெஞ்சுக்குள் போகிற தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைவில்லை.

'இனிமேல் என்ன' என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு பேர் 1951-இல் அந்த நாட்டு டாக்டர்களுக்கே கடிதம் போட்டு, புகைக்கிறீர்களா என்று கேட்டார்கள். 34,439 ஆண் டாக்டர்களை ஐம்பது ஆண்டு தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வின் முடிவு 2004-இல் வெளிவந்தது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் திரும்பக் கிடைத்தது, 40-இல் விட்டவர்களுக்கு ஒன்பது, 50-இல் ஆறு, 60-இல்கூட மூன்று. டாலும் புகைத்தவர்தான், ஆராய்ச்சியில் தம் கைக்கு வந்த எண்களைப் பார்த்து விட்டவர். மூன்று ஆண்டு என்பது அப்பாவுக்குச் சின்னதாகத் தெரிந்தால், அந்த மூன்று ஆண்டில் வீட்டில் என்னென்ன விசேஷம் வரும் என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.

விட்ட புதிதில் இருமல் கூடலாம், பயப்பட வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் படுத்துக் கிடந்த நுண்ணிய மயிரிழைகள் எழுந்து சளியைத் தள்ளுகிற வேலை அது. ஆனால் இப்போதே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், விடுகிறாரோ இல்லையோ, முதலில் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். காசு கிடையாது.

இன்னொன்று, பீடிக் கட்டை ஒளித்து வைக்காதீர்கள். என் மனைவி ஒளித்து வைத்தார். அதனால் நான் கற்றுக்கொண்டது, அவரைவிட நன்றாக ஒளிக்க. உங்கள் வீட்டிலோ பீடி சோறு போட்ட பொருள். அப்பாவைத் திட்டினால் அது அம்மா கையில் போய்ப் படும். பார்த்துப் பேசுங்கள்.

துபாயிலிருந்து நண்பன் இ-சிகரெட் கொண்டுவந்து தருகிறேன் என்கிறான். அதற்கு மாறலாமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

இந்தியாவில் 2019-இலிருந்து தடை. கொண்டுவருவதும் குற்றம். நண்பனைப் பேரீச்சம்பழம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நிறுத்தினால் உடம்பு போடுமாமே?
– இல்லத்தரசி (கணவருக்காக), பொள்ளாச்சி

போடும். முதல் ஆண்டில் சராசரியாக நாலைந்து கிலோ. எனக்கு ஆறு. பசியும் ருசியும் திரும்பி வரும்போது ரசம்கூடப் புதுசாக இருக்கும். நடக்கச் சொல்லுங்கள், சாப்பிட உட்கார்ந்தவரிடம் தொப்பையைப் பற்றிப் பேசாதீர்கள்.

உண்மையைச் சொல்லுங்கள், இப்போதும் ஆசை வருமா?
– பெயர் எழுதாத அஞ்சலட்டை

வரும். பெட்டிக்கடைக் கம்பத்தில் நுனி கனிந்தபடி ஒரு தேங்காய் நார்க் கயிறு தொங்குமே, அந்த வாசனை மழை ஈரத்தோடு வந்தால் கால் தானாக நிற்கும். நாலாவது முயற்சியில் ஏழு மாதம் தாண்டியிருந்தேன். நண்பன் ஒருவனின் சாவு வீட்டில், பந்தலுக்கு வெளியே யாரோ நீட்டினார்கள், 'இன்னைக்கு மட்டும்' என்று ஒன்றே ஒன்று வாங்கினேன். ஒரு வாரத்தில் பழைய கணக்குக்கு வந்துவிட்டேன். அதனால் கயிற்று வாசனை வந்தால் கொஞ்ச நேரம் நிற்பேன், அப்புறம் நடந்துவிடுவேன்.

போன மாதம் பழைய ஊருக்குப் போயிருந்தேன். நான் பதினோரு நடை நடந்த அந்தக் கடையை இப்போது மகன் நடத்துகிறார். பெரியவர் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், கண் சரியாகத் தெரிவதில்லை. என் குரலைக் கேட்டதும் "சிசர்ஸ்தானே சார்?" என்று கையை நீட்டித் துழாவினார். "கடலை மிட்டாய் நாலு" என்றேன். மகன் பொட்டலம் கட்டுவதற்குள் பெரியவர் ஒரு தீப்பெட்டியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்கி வந்தேன். சாமி விளக்கேற்ற ஆகிறது.