மாந்தோப்புப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

ஊத்தங்கரைப் பக்கமிருந்து எழுதிய அப்பாவுக்கு,

மகள் நீட்டில் தகுதி மட்டும் பெற்றிருக்கிறாள். தோப்பை அடமானம் வைத்து வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்கிறார் உங்கள் மச்சான். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் வைக்காதீர்கள். அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்தால் தகுதித் தேர்வு, இங்கேயும் 12 மாதப் பயிற்சி. தேர்வில் தவறினாலும் வட்டி ஓடும். அதை மச்சான் கட்டப்போவதில்லை.

‘விலங்கியலை மனப்பாடம் செய்கிறாள், ஒளியியல் கணக்கை ஆசையாய்ப் போடுகிறாள்’ என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பி.ஆப்டம் என்று ஒரு பட்டம் இருக்கிறது, பார்வையை அளந்து கண்ணாடி பவர் எழுதும் படிப்பு. கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. சொந்தக்காரர்கள் ‘கண்ணாடிக் கடை வேலை’ என்பார்கள். அவ்வளவு எளிதல்ல. தூரப்பார்வை (பக்கத்தில் இருப்பது மங்கும் குறை) ஒன்றையே பாருங்கள்.

பள்ளிப் பாடத்தில் ‘கண்கோளம் குட்டை, குவிலென்ஸ் போடு’ என்று முடிந்துவிடும். இங்கே முதலில் காரணம் பிரிப்பார்கள்: கண்கோளத்தின் நீளம் குறைந்ததா (1 மி.மீ. குறைந்தால் சுமார் 3 டயாப்டர், அதாவது கண்ணாடி பவரின் அலகு), கருவிழி (கார்னியா) தட்டையானதா (வளைவு ஆரம் 1 மி.மீ. கூடினால் சுமார் 6), லென்ஸின் ஒளிவிலகல் எண் மாறியதா, லென்ஸ் பின்னே நகர்ந்ததா, லென்ஸே இல்லையா. தாத்தாவின் சாளேஸ்வரத்துக்கும் பிளஸ் கண்ணாடிதான், ஆனால் அது வயதில் லென்ஸ் இறுகுவதால் வருவது. இந்தக் கணக்கில் சேராது.

அடுத்தது, இந்தக் குறையில் எவ்வளவைக் கண் தானே மறைக்கிறது என்பது. எண்களை எளிதாக்கி ஒரு பையனை வைத்துப் பாருங்கள். +1 போட்டதும் 6/6 வரி (பார்வை அட்டையில் நல்ல கண் படிக்கும் வரி) தெரிகிறது: அந்த 1 கண்ணால் சமாளிக்க முடியாத பங்கு. ஏற்றிக்கொண்டே போனால் +3 வரை அதே வரி தெளிவு: இடையிலுள்ள 2, கண் தானே சமாளித்துவந்தது. டாக்டர் சொன்ன சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் உள்தசை தளர்ந்தபின் +4 வருகிறது: கடைசி 1 ஒளிந்திருந்தது. சொட்டு விடாமல், இயந்திரம் காட்டிய எண்ணை நம்பிக் கண்ணாடி எழுதினால் பவர் குறைந்துபோகும். பையனுக்கு ஓயாத தலைவலி, கண் உள்நோக்கித் திரும்பும் மாறுகண் வரலாம், சில பிள்ளைகளுக்குச் சோம்பேறிக் கண்ணும் (கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் தெளியாதது) வரலாம். இதைச் சரியாக அளப்பவருக்குக் கணக்கும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

அறுவை சிகிச்சை இந்தப் படிப்பில் கிடையாது, அது கண் மருத்துவர் வேலை. இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கல்லூரியில் மூன்று கேளுங்கள்: எந்தப் பல்கலைக்கழகப் பட்டம், முழுப் படிப்புக்கும் விடுதியோடு சேர்த்து மொத்தச் செலவு எழுத்தில் எவ்வளவு, கடைசி ஆண்டுப் பயிற்சி எந்த மருத்துவமனையில். பதில் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆறு மாதச் சான்றிதழ் வகுப்புகள் பக்கமே போக வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கும் அறைக்கு வெளியே மகளை உட்கார வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். அப்போதும் தோப்புப் பத்திரத்தை எடுக்காதீர்கள்.