உடைந்த தேன்குழலும் ஆத்தங்குடிக் கல்லும்

கேள்வி: வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் கூரியரில் அனுப்பும் தேன்குழல் பாதி நொறுங்கித்தான் போய்ச் சேர்கிறது. அட்டைப்பெட்டி, தெர்மோகோல், பிளாஸ்டிக் டப்பா என்று எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. "வித்தியாசமா யோசிங்கம்மா" என்று மகன் ஒரு பயிற்சி வகுப்பில் சேரச் சொல்கிறான். கட்டணம் 4,000 ரூபாய். சேரலாமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம் ஆச்சி. அந்தப் பணத்தைக் கடையில் போடுங்கள்.

பெட்டியை மூன்று தடவை மாற்றியிருக்கிறீர்கள். தேன்குழலை ஒரு தடவையாவது மாற்றினீர்களா? அது இந்த அளவில், இந்த வடிவில்தான் இருக்கும் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு, மிச்சத்தில் வழி தேடுகிறீர்கள். உங்கள் சிக்கல் அந்த முடிவில்தான் இருக்கிறது. மகன் சொல்கிற யோசனையை அங்கே செலுத்துங்கள்.

ஆத்தங்குடி உங்களுக்குப் பக்கம்தான். ஒரு நாள் போய், வீட்டுத் தரையில் பதிக்கிற பூக்கல் போடுகிற பட்டறையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கல்லைச் செய்து முடித்து அப்புறம் தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான் யாருக்கும் தோன்றும் வழி. அங்கே தலைகீழ். முதலில் ஒரு கண்ணாடி. அதன்மேல் பூ வடிவ அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, முதுகுப் பக்கத்துக்கு மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். நாம் நடக்கிற முகம் அடியில், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உருவாகிறது. இறுகியபின் கண்ணாடியை எடுத்தால் அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தினால் போதும். கடைசி வேலையை முதல் வேலையாக்கியவர் யாரோ, அவர் எந்த வகுப்புக்கும் போனவராக இருக்கமாட்டார். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

நீங்கள் சுட்டு எடுத்துவிட்டுப் பெட்டி தேடுகிறீர்கள். டப்பாவை முதலில் வாங்குங்கள். அதன் வாயைவிட ஒரு நூல் குறைவாக, கரண்டியின் முதுகில் சின்னச் சின்னதாகப் பிழிந்து எண்ணெயில் விடுங்கள். ஆறியபின் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உள்ளே ஆட இடம் இருக்காது. பலகாரம் நொறுங்குவது பெரும்பாலும் டப்பாவுக்குள் அது உருண்டு மோதுவதால்தான்.

இன்னொரு வழி உங்கள் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. கல்யாண வீட்டு மணகோலத்தை யாராவது உடைந்த பலகாரம் என்று சொல்லியிருக்கிறார்களா? பிழிந்ததை நாமே ஒடித்து, பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து, வெல்லப்பாகில் புரட்டுகிறோம். கூரியர்காரர் எத்தனை தடவை தூக்கிப் போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. வெளியூருக்கு மணகோலம், உள்ளூருக்குப் பெரிய தேன்குழல் என்று பிரித்துக்கொண்டால் என்ன? ஒரே வீட்டுக்குள் கல்யாணமான மகனைத் தனிக்குடித்தனம் வைத்து, அடுப்பைப் பிரித்து உறவைக் காப்பாற்றிய ஊர்தானே உங்களுடையது!

மகன்மேல் கோபப்படாதீர்கள். அவர் சொன்னது சரியான பேச்சு, காட்டிய இடம்தான் தவறு. அடுத்த பார்சலுக்கு மாவு பிசையும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, டப்பாவின் வாயை அளந்து சொல்லச் சொல்லுங்கள்.