ராபர்ட் செசில், கிரான்போர்ன், சாலிஸ்பரி: மூவரும் ஒருவர்தானா?

கேள்வி: 1866 ஒரிசா பஞ்சம் பற்றிய ஆய்வேட்டுக்காக பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களைப் படிக்கிறேன். அப்போதைய இந்தியா மந்திரி கிரான்போர்ன் பிரபு. 1874-ல் அதே பதவியில் சாலிஸ்பரி பிரபு. இருவரும் ஒரே ஆள் என்கிறார் நண்பர். அப்படியென்றால் பிரபுவாக இருந்தவர் எப்படி காமன்ஸ் சபையில் (மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவை) பேசினார்? அடிக்குறிப்பில் எந்தப் பெயரைப் போடுவது?

பதில்: நண்பர் சொன்னது சரிதான், ஒரே ஆள்தான். 1853-ல் ஸ்டாம்ஃபோர்டு தொகுதியிலிருந்து காமன்ஸ் சபைக்குப் போனபோது அவர் லார்டு ராபர்ட் செசில். 1865-ல் அண்ணன் இறந்ததும் வாரிசாகி வைகவுண்ட் கிரான்போர்ன் ஆனார், 1868-ல் அப்பாவும் போன பிறகு 3-வது சாலிஸ்பரி மார்க்வெஸ் (வைகவுண்ட், மார்க்வெஸ் இரண்டும் பிரபுப் பட்டங்கள்). பின்னாளில் மூன்று முறை பிரதமராக இருந்தவரும் இவரே.

பிரபு என்ற பட்டத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சட்டப்படி பட்டம் குடும்பத் தலைவர் ஒருவருக்குத்தான், 1999 வரை பிரபுக்கள் சபையில் இடமும் அவருக்குத்தான் இருந்தது. மூத்த மகன் அப்பாவின் துணைப் பட்டங்களில் ஒன்றை மரியாதைக்காகப் போட்டுக்கொள்வார், இளைய மகன்கள் பெயருக்கு முன்னால் லார்டு சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் இவர்கள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் சாதாரணக் குடிமக்கள் என்பதால் தேர்தலில் நின்று காமன்ஸ் சபைக்குப் போகத் தடையே இல்லை. மார்க்வெஸ் குடும்பத்தில் லார்டு என்பதை ஒட்டி சொந்தப் பெயர் வந்தால் அவர் பெரும்பாலும் இளைய மகன்.

உங்கள் ஆய்வில் தேதியைக் கூடுதலாகக் கவனியுங்கள். கிரான்போர்ன் 1866 ஜூலையில்தான் மந்திரியானார், அதற்குள் பஞ்சம் முற்றிவிட்டது. 1867 மார்ச்சில் வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்த மசோதா தகராறில் விலகிவிட்டார், அடுத்து வந்தவர் நார்த்கோட். ஆகவே அதே 1867 ஆகஸ்டில் ஒரிசா பற்றி கிரான்போர்ன் பேசியதை மந்திரியின் பேச்சு என்று எழுதினால் தப்பாகிவிடும். அடிக்குறிப்பில் அன்றைய பெயரை முதலில் எழுதி, பக்கத்திலேயே 'பின்னர் 3-வது சாலிஸ்பரி மார்க்வெஸ்' என்று சேர்த்துவிடுங்கள். நூல்களின் பொருளகராதியில் சாலிஸ்பரி, செசில், கேஸ்கோயின்-செசில் (குடும்பப் பெயரின் முழு வடிவம்) மூன்றிலும் தேடிப் பாருங்கள்.

இந்தக் குடும்பத்துக்கு ராபர்ட் என்ற பெயர் மேல் அப்படி என்ன ஆசையோ! 1937-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய ராபர்ட் செசில் இவருடைய மகன், அவரும் முன்பு காமன்ஸ் சபையில் லார்டு ராபர்ட் செசில்தான். அப்புறம் 3-வது மார்க்வெஸின் பேரன், அவரும் ராபர்ட்தான். 1941-ல் அப்பா உயிரோடிருக்கும்போதே தனி ஆணை மூலம் பிரபுக்கள் சபைக்கு அழைக்கப்பட்டு, அங்கேயும் கிரான்போர்ன் என்றே அறியப்பட்டார். தேர்தல் அறிக்கையில் சொன்ன மசோதாவை பிரபுக்கள் சபை தடுக்கக் கூடாது என்ற சாலிஸ்பரி மரபு 1945-ல் உருவானபோது அவர் இன்னும் சாலிஸ்பரி ஆகவில்லை, அதற்கு 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, கிரான்போர்ன் என்று கண்டதும் காமன்ஸ் என்று எழுதிவிடாதீர்கள், எந்தச் சபையின் விவாதத் தொகுப்பு என்பதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.