ஃப்ளோரிடா வானத்து வெள்ளைக் கோடுகள்: சட்டம் போட்டதால் உண்மையாகிவிடுமா?

கேள்வி: டாம்பாவில் குடியிருக்கிறோம். விமானம் போன பிறகு சில வெள்ளைக் கோடுகள் உடனே மறைகின்றன, சில மணிக்கணக்கில் நின்று வானம் முழுக்கப் பரவுகின்றன. "ரசாயனம் தூவுகிறார்கள், அதுதான் கெம்ட்ரெயில். இல்லாவிட்டால் அதைத் தடுக்க ஏன் சட்டம் போட வேண்டும்?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். குழந்தைகளை வெளியே விளையாட விடலாமா?

பதில்: தாராளமாக விடுங்கள். அந்தக் கோடுகள் பனிக்கட்டித் துகள்கள்.

ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ நீராவி வெளிவரும். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே. புகைக்கரித் துகள்களைப் பற்றிக்கொண்டு நீராவி அங்கேயே உறைந்துவிடுகிறது. சுற்றியுள்ள காற்று வறண்டிருந்தால் கோடு ஒரு நிமிடத்தில் காணாமல் போகும். ஈரம் மிகுந்த அடுக்காக இருந்தால், காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து கோடு தடித்து மேகமாகவே மாறிவிடும். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களுக்குப் பின்னாலும் இதே கோடுகள் நீண்டன.

அடுத்த முறை கோடு தெரியும்போது ஃப்ளைட்ரேடார்24 செயலியைத் திறந்து பக்கத்து வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். எந்த விமானம், எங்கே போகிறது, எவ்வளவு உயரம் என்று எல்லாம் வரும். ஒரே நேரத்தில் போகும் இரண்டில் ஒன்று மட்டும் நீண்ட கோடு விட்டால் உயரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் வித்தியாசம் அங்கேதான் இருக்கும்.

சரி, சட்டம்? 2024-இல் டென்னசி மாநிலம் இப்படி ஒன்றை இயற்றியது. ஃப்ளோரிடாவின் சட்டம் 2025 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. வானிலையை மாற்றும் நோக்கத்தோடு எதையாவது காற்றில் விட்டால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் டாலர் வரை அபராதம். அப்படிப்பட்ட கருவி பொருத்திய விமானம் வந்ததா என்று விமான நிலையங்கள் மாதாமாதம் அறிக்கை தர வேண்டும். ஒன்றைத் தடை செய்வதால் அது நடந்துகொண்டிருந்தது என்று ஆகிவிடாது. மேக விதைப்பு, அதாவது மழைக்காக மேகத்தில் ரசாயனம் தூவுவது, உண்மையான தொழில்நுட்பம்தான், ஆனால் பயணிகள் விமானம் விடும் கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2016-இல் வளிமண்டல வேதியியல், புவிவேதியியல் நிபுணர்கள் 77 பேரிடம் கேட்டபோது, ரகசியத் தூவலுக்கு ஆதாரம் எதையும் பார்த்ததில்லை என்று 76 பேர் சொன்னார்கள்.

எனக்கு வருத்தம் தருவது வேறு. இதே ஃப்ளோரிடா, 2024 ஜூலை 1 முதல் தன் சட்டங்களிலிருந்து காலநிலை மாற்றம் பற்றிய பெரும்பாலான குறிப்புகளை நீக்கியது. அந்தக் கோடுகளால் வரும் நிஜமான கேடு காலநிலைக்குத்தான்! பரவி நிற்கும் பனிமேகம் பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கிறது. பகலில் கொஞ்சம் வெயிலையும் திருப்பி அனுப்பும், இரவில் அதுவும் கிடையாது. உலகக் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு சுமார் 2.5 சதவீதம். இந்தக் கோடுகளையும் மற்றவற்றையும் சேர்த்தால் வெப்பமேற்றலில் பங்கு 3.5 சதவீதம் அளவுக்குப் போகிறது.

இதைக் குறைக்க வழி இருக்கிறது. 2023-இல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 70 சோதனைப் பயணங்களில், ஈரமான அடுக்குகளைத் தவிர்க்கும்படி உயரத்தை மாற்றிப் பறந்து பார்த்தார்கள். கோடுகள் 54 சதவீதம் குறைந்தன. அப்படி மாற்றிப் பறந்த விமானங்களுக்குக் கூடுதலாகச் செலவான எரிபொருள் 2 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல், இந்தக் கோடுகள் போன்ற கரியமில வாயு அல்லாத பாதிப்புகளையும் கணக்கெடுக்கும்படி விமான நிறுவனங்களுக்குச் சொல்கிறது. உங்கள் மாநிலப் பிரதிநிதிக்கு எழுதுவதானால் இதைக் கேட்டு எழுதுங்கள்.

கோடு விழாத விமானமாகப் பார்த்து டிக்கெட் எடுக்க உங்களால் முடியாது. ஆனால் டாம்பாவிலிருந்து சென்னைக்குப் போய்வர, எகானமி இருக்கையிலேயே ஆளுக்கு 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு ஆகிறது. பிசினஸ் வகுப்பில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஊருக்கு அடிக்கடி ஓடி வருவதைவிட ஒருமுறை வந்து நிதானமாகத் தங்குங்கள். ஒர்லாண்டோ, மயாமி போன்ற பக்கத்து ஊர்களுக்குக் காரோ ரயிலோ போதும்.